எரென் செஞ்சது சரியா? – டைட்டன் காலும் யானைக் காலும்

டிஸ்கி: 'அட்டாக் ஆன் டைட்டன்' இன்னும் முழுசா பாக்காதவங்க இங்கயே யூ டர்ன் அடிச்சுருங்க. கடைசி சீன் வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன். அப்புறம் வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது. சொல்லிட்டேன் :-)

நந்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. ஊருன்னா திருமழபாடி. அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தோட வடகரை. பங்குனி மாசம் திருவையாத்து நந்தி மாப்பிள்ளையா ஆத்தைத் தாண்டி வந்து சுயசாம்பிகைக்குத் தாலி கட்டிட்டுப் போவார். "நந்தி கல்யாணம் பாத்தா முந்திக் கல்யாணம்"னு எங்க ஊர்ல ஒரு சொலவடை உண்டு. இருபத்தெட்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்... சரி விடுங்க, சொந்தக் கதை சோகக் கதை.

மேட்டருக்கு வர்றேன். சித்தி பையன் வந்திருந்தான். திருச்சியில இன்ஜினியரிங் மூணாவது வருஷம். கறுப்பு டீ சர்ட்ல முடியைக் கட்டிக்கிட்டு எரென் யேகர் முறைச்சுக்கிட்டு நிக்கறார். ராத்திரி சாமி புறப்பாடெல்லாம் முடிஞ்சு ஆத்து மணல்ல உக்காந்திருந்தோம். அவன் கூட்டாளிங்க நாலு பேர். பேச்சு எரென்கிட்ட வந்து நின்னுச்சு.

"அண்ணே, எரென் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. தன் ஜனத்தைக் காப்பாத்த உலகத்தையே மிதிச்சாலும் தப்பு இல்ல. நம்ம கண்ணகி மதுரையைக் கொளுத்தலையா?"

நாலு பேரும் விசில். எனக்கு சுருக்குன்னுச்சு. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கத்தினேன். ஒண்ணும் எடுபடல. வழக்கம்போல சரியான பதில் எல்லாம் மறுநாள் பஸ்ஸுல ஜன்னல் சீட்ல உக்காந்திருக்கும்போதுதான் வந்துச்சு. அதை வீணாக்க வேணாமேன்னு இந்தப் பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இருந்தாலும் இதை எழுதலன்னா தூக்கம் வராது.

கதை தெரியாம, டிஸ்கியையும் மதிக்காம உள்ள வந்த ஆசாமிகளுக்கு ரெண்டு வரி. இசயாமா ஹஜிமே 2009-லேர்ந்து 2021 வரைக்கும் வரைஞ்ச மங்கா, 139 அத்தியாயம். அனிமே 2013-ல ஆரம்பிச்சு 2023 நவம்பர்ல முடிஞ்சது. பெரிய சுவருக்குள்ள ஒரு ஜனம். வெளியில மனுஷனைத் தின்னுற ராட்சசன்கள். ஒருநாள் சுவர் உடையுது, எரென் கண்ணு முன்னாடி அவன் அம்மாவை ஒரு டைட்டன் தின்னுது. அத்தனை பேரையும் அழிப்பேன்னு சபதம் போடறான். அப்புறம்தான் தெரியுது, டைட்டன் எல்லாம் தன் இனத்து மனுஷங்கதான். கடலுக்கு அந்தப் பக்கம் மார்லின்னு ஒரு நாடு இவங்களை சாத்தான்னு சொல்லி ஊசி போட்டு ராட்சசனா மாத்தி அனுப்புதுன்னு. கடைசியில எரென் சுவருக்குள்ள தூங்கற ஆயிரக்கணக்கான பிரம்மாண்ட டைட்டன்களை எழுப்பி உலகத்து மேல நடக்க விடறான். அதுக்குப் பேரு ரம்ப்ளிங். தீவுக்கு வெளிய இருந்த மனுஷங்கள்ல நூத்துக்கு எண்பது பேர் காலி.

இப்ப ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2022-ல அந்தச் சுவர் உடைஞ்சு டைட்டன்கள் எழுந்த சீனை ஓ.எம்.ஆர். பக்கம் பேச்சிலர் ரூம்ல அஞ்சு பேர் லேப்டாப்பைச் சுத்தி உக்காந்து பாத்தோம். விசில் அடிச்சதுல நானும் ஒருத்தன். கட்டில் மேல ஏறி நின்னு கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் வந்து திட்டிட்டுப் போனார். அதனால தம்பியை மேல நின்னு திட்டுறதுக்கு எனக்குத் தகுதி கிடையாது. பக்கத்துல உக்காந்துதான் சொல்றேன்.

அடுத்த வருஷம் மார்ச்சுல வந்தது ராம்ஸி சீன். மார்லி பக்கம் அகதிக் கூடாரத்துல இருக்கற ஒரு பொடிப்பய. திருடினான்னு அடி வாங்கிக்கிட்டிருந்தவனை எரென்தான் காப்பாத்தறான். காப்பாத்திட்டு அவன் முன்னாடி மண்டி போட்டு ஓன்னு அழறான். மன்னிச்சுருன்னு கெஞ்சறான். ஏன்னா இந்தப் பையனையும் சேத்துதான் நாளைக்கு மிதிக்கப் போறோம்னு அவனுக்குத் தெரியும். பையனுக்கு அந்த பாஷையே புரியல, திருதிருன்னு முழிக்கறான். அப்புறம் அந்தக் கால் வருது. அண்ணனும் தம்பியும் ஓடறாங்க. அன்னிக்கு எங்க ரூம்ல யாரும் விசில் அடிக்கல.

சரி, வாதத்துக்கு வருவோம்.

முதல் வாதம்: "அவன் பக்கம் காரணம் இருக்குண்ணே."

இருக்கு. யார் இல்லன்னா? அம்மா செத்தது காரணம். நூறு வருஷமா அவன் ஜனத்தைச் சாத்தான்னு சொன்னது காரணம். ஆனா காரணம் வேற, நியாயம் வேற தம்பி. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பறதுலதான் மொத்தக் கோளாறும்.

நம்ம தொழில்லேர்ந்தே ஒரு உதாரணம். ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் சர்வர் படுத்துருது. விடிய விடிய உக்காந்து ரூட் காஸ் அனாலிசிஸ் எழுதறோம். இன்னார் இந்த லைனை மாத்தினார், ஏன் மாத்தினார், டெட்லைன் நெருக்கடி, டெஸ்ட் பண்ண நேரம் இல்ல. எல்லாம் புட்டுப் புட்டு வைக்கறோம். அதைப் படிச்சுட்டு எந்த மேனேஜராவது "ஓ, காரணம் இருக்கா, அப்ப சர்வர் படுத்தது சரிதான்"னு சொல்லுவாரா? காரணத்தைத் தேடறது மறுபடி நடக்காம இருக்கத்தான். கைதட்டறதுக்கு இல்ல. இசயாமா 139 அத்தியாயத்துல எழுதினது எரெனோட ரூட் காஸ் அனாலிசிஸ். நாம அதை வாழ்த்து மடலா படிச்சுக்கிட்டிருக்கோம்.

ரெண்டாவது வாதம்: "வேற வழியே இல்ல."

இது சுத்தப் பொய். கதையிலயே வேற வழி பேசறாங்க. சுவர் டைட்டன்ல கொஞ்சத்தை மட்டும் எழுப்பிக் காட்டி உலகத்தை மிரட்டி வைக்கறது, அந்த அம்பது வருஷத்துல தீவை முன்னேத்தறது. அதுலயும் அசிங்கம் இருக்கு. ஹிஸ்டோரியாவும் அவ புள்ளைங்களும் பலி ஆகணும். எரென் அதை ஒத்துக்கலன்னா அது அவன் நல்ல மனசு. ஆனா ஒரு தோழியைப் பலி குடுக்க மாட்டேன்னு உலகத்தையே பலி குடுக்கறவனுக்கு என்ன பேரு?

இன்னொண்ணு. கடைசியில ஆர்மின்கிட்ட அவனே உண்மையைக் கக்கிடறான். முடிவு முன்னாடியே தெரியாம இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்னு. சின்ன வயசுல புத்தகத்துல பாத்த ஆளில்லாத வெளி உலகத்தைப் பாக்கணும்னு ஆசை, வெளிய போனா அங்க மனுஷங்க இருக்காங்க, அந்த ஏமாத்தம். தன் மக்கள், விடுதலை எல்லாம் அதுக்கு மேல போத்தின போர்வை. பாதி போர்வை உண்மைதான். ஆனா உள்ள இருக்கறதை அவனே தொறந்து காட்டின பிறகும் "அவன் தியாகி"ன்னு நாம போத்தி விட்டுக்கிட்டே இருக்கோம். எரென் தன்னைப் பத்திப் பேசறதை விட நாம அவனைப் பத்தி நல்லாப் பேசறோம்னா தப்பு எங்க இருக்கு?

மங்காவுல இந்த இடத்துல ஆர்மின் எரெனுக்கு நன்றி சொல்ற மாதிரி ஒரு வசனம் வந்து உலகம் முழுக்க ரகளை ஆச்சு. 2023-ல அனிமேல அதை மாத்திட்டாங்க. நன்றி போச்சு. இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, ரெண்டு பேரும் சேந்தே நரகத்துக்குப் போவோம்ங்கற மாதிரி ஆச்சு. கதை சொன்னவங்களே திருத்திக்கிட்டாங்க. ரசிகன் திருந்தக் கூடாதா?

மூணாவது வாதம்: "தன் மக்களுக்காக."

எந்த மக்கள்? கணக்குப் போடுவோம், வாங்க. லிபெரியோவுக்குப் படை எடுத்துப் போனதுல சாஷா செத்தா. சுவர் இடிஞ்சு விழுந்தப்ப ஷிகன்ஷினாவுல சொந்த ஜனம் வீட்டோட நசுங்கிச்சு. மார்லியில கையில பட்டை கட்டிக்கிட்டு முள்வேலிக்குள்ள இருந்தவங்க யாரு? அவங்களும் எல்டியன்தான், அதே ரத்தம். நெருங்கின நண்பர்கள் அவனைக் கொல்லத்தான் வேண்டியிருந்தது. கடைசியில? முடிவுல ஓடற பெயர்ப் பட்டியலோட ஒரு காட்சி வருமே, பாத்தீங்களா, ஸ்கிப் பண்ணீங்களா? காலம் ஓடி, அந்தத் தீவுல பெரிய நகரம் எழும்பி, அது மேல குண்டு விழுந்து தரைமட்டம் ஆகுது. நூத்துக்கு எண்பது உயிரைக் குடுத்து வாங்கினது நிரந்தரம் இல்ல, வாய்தா.

இப்ப கண்ணகி.

தம்பி, கண்ணகியை இழுத்தியே, அந்தக் கதையை ஒழுங்கா படிச்சியா? முதல்ல அவ வழக்கு மன்றத்துக்குப் போனா. சிலம்பை உடைச்சு ஆதாரம் காட்டினா. தீர்ப்பு வந்துச்சு, தப்பு செஞ்ச ராஜா தானே ஒத்துக்கிட்டு உயிரை விட்டான். அதுக்கு அப்புறமும் கோபம் அடங்காம நெருப்பைக் கூப்பிட்டப்பக்கூட, யாரைத் தொடக் கூடாதுன்னு ஒரு பட்டியல் சொல்றா. குழந்தைங்க, வயசானவங்க, பத்தினிங்க, அறவோர், பார்ப்பார், பசு இவங்களை விட்டுட்டு தீயவங்க பக்கம் மட்டும் போன்னு. இருபத்தொண்ணாம் நூற்றாண்டு பட்டியலா இருந்தா வேற மாதிரி இருந்திருக்கும், அது வேற விவாதம். ஆனா கொதிச்சுக்கிட்டிருக்கற உச்சத்துலயும் "எல்லாரையும்"னு அவ வாயில வரல. எரென் வாயில வந்தது அந்த ஒரே வார்த்தைதான்.

அதே சிலம்புல யாரும் மேடையில பேசாத ஒரு இடம் இருக்கு. கொற்கையிலேர்ந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பலியா ஒரே நாள்ல ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்னான்னு வரும். திருடினது ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அதே தொழில் செஞ்சதைத் தவிர அவங்க பண்ணின பாவம் என்ன? எரெனுக்கு நம்ம இலக்கியத்துல ஜோடி தேடறதா இருந்தா கண்ணகி இல்ல தம்பி, இந்தச் செழியன்தான். இவனுக்கு யாரும் டீ சர்ட் போடறதில்ல.

நாலாவது, இது வாதம்கூட இல்ல, வியாதி: காபி வெறுப்பு.

பன்னண்டு வயசுப் பொண்ணு. தன் ஊர்ல, தன் கண்ணு முன்னாடி, தன் கூட்டாளிங்க நசுங்கிச் சாகறதைப் பாக்கறா. துப்பாக்கியை எடுத்துக்கிட்டு எதிரி விமானத்துலயே ஏறி சாஷாவைச் சுடறா. நம்ம பசங்க அவளைத் திட்டாத கெட்ட வார்த்தை இல்ல. அடேய், எரென் கதையும் இதே கதைதானேடா! ஊர் அழிஞ்ச சின்னப் பய, எதிரியை ஒழிப்பேன்னு வெறி. ஒன்பது வயசுல ரெண்டு பேரைக் கத்தியால குத்தினவனுக்குக் கைதட்டிட்டு, பன்னண்டு வயசுல சுட்டவளைப் பேய்ங்கறது. காபிக்கும் எரெனுக்கும் ஒரே வித்தியாசம், கேமரா முதல்ல யார் வீட்ல போய் நின்னுச்சுங்கறது மட்டும்தான்.

மொத்தக் கதையிலயும் எனக்கு ஹீரோ யாருன்னு கேட்டா, லீவை இல்ல, எர்வின் இல்ல. சாஷாவோட அப்பா. வேட்டைக்காரர். மகளைக் கொன்ன பொண்ணு எதிர்ல நிக்கறா, கையில கத்தியைக் குடுத்துக் குத்துங்கறான் நிக்கலோ. மனுஷன் கத்தியை வாங்கி வெச்சுட்டுக் காட்டைப் பத்திப் பேசறார். ஒருத்தரை ஒருத்தர் வேட்டையாடற காட்டுக்குள்ளயே இந்த உலகம் மாட்டிக்கிச்சு, குழந்தைங்களையாவது வெளிய விடணும், அதுக்கு உண்டான பாரத்தைப் பெரியவங்க சுமக்கணும்ங்கற அர்த்தத்துல. ரம்ப்ளிங்ல ஆயிரம் டைட்டன் நடந்ததைவிட அந்த மனுஷன் கத்தியைக் கீழ வெச்சது பெரிய காரியம்.

"அண்ணே, கதைதானே, ஏன் இவ்ளோ டென்ஷன்?"

இங்கதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. கதையில பழகினதைத்தான் வெளியிலயும் பேசுவோம்.

மகாவம்சம்னு ஒரு நூல். அதுல எல்லாளனை ஜெயிச்ச துட்டகைமுனு, இத்தனை உயிர் போச்சேன்னு வருத்தப்படறான். பிக்குகள் வந்து ஆறுதல் சொல்றாங்க: நீ கொன்னதுல மனுஷக் கணக்குல வர்றது ஒன்றரை பேர்தான், மத்தவங்க மிருகத்துக்குச் சமானம்னு. படிச்சா நமக்கு ரத்தம் கொதிக்குதுல்ல? கொதிக்கணும்.

இப்ப இன்னொரு கல்வெட்டு. கர்நாடகத்துல ஹொட்டூர், வருஷம் 1007. சாளுக்கியன் சத்தியாசிரயன் காலத்தது. ஒன்பது லட்சம் பேரோட சோழன் வந்தான், நாட்டைச் சூறையாடினான், பொம்பளைங்க, குழந்தைங்க, பிராமணர்களைக் கொன்னான்னு எழுதி வெச்சிருக்காங்க. இது நம்ம ராஜேந்திரன் இளவரசனா இருந்தப்ப நடந்த படையெடுப்பு. எதிரி எழுதினது, கூட்டிச் சொல்லியிருப்பான், ஒத்துக்கறேன். ஒன்பது லட்சம் நம்பற மாதிரி இல்ல. ஆனா எதிரி எழுதினதுங்கற ஒரே காரணத்துக்காக அதுல ஒரு குழந்தைகூட சாகலன்னு சொல்லிருவோமா? எங்க மாவட்டத்துலதான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. ஜெயிச்ச நாட்டுலேர்ந்து கொண்டு வந்த சிலைகளை அங்க பாத்துப் பெருமைப்பட்டவன் நான். இப்பவும் அந்தக் கோயில்னா உயிர். ஆனா இப்பல்லாம் அந்தச் சிலைங்களைப் பாக்கும்போது, இதை எடுத்த அன்னிக்கு அந்த ஊர்க் கோயில் வாசல்ல யார் நின்னு அழுதாங்கன்னு ஒரு கேள்வியும் கூடவே வருது. மார்லியில எல்டியா கெட்டவன், பாரடிஸ்ல மார்லி கெட்டவன். எல்லா ஊர்லயும் பாடப் புத்தகம் ஒரே மாதிரிதான்.

எங்க ஊர் வைத்தியநாதசாமி கோயில்ல ஒரு சங்கதி. ராஜராஜன் தன்னோட 28-ஆம் ஆட்சியாண்டுல பழைய விமானத்தைப் பிரிச்சுக் கட்டச் சொல்றான். பிரிக்கறதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கற கல்வெட்டு எல்லாத்தையும் படி எடுத்து வைக்கணும்னு உத்தரவு. அப்புறம் ராஜேந்திரன் காலத்துல அதையெல்லாம் மறுபடி வெட்டினாங்க. சுவத்தை இடிச்சாலும் அதுல எழுதினதை அழிக்கக் கூடாதுங்கற புத்தி அது. டைட்டன் கதையில சுவருக்குள்ள இருந்த ராஜா ஜனத்தோட ஞாபகத்தையே அழிச்சான், அதுலேர்ந்துதான் அத்தனை வினையும். நமக்குப் பிடிக்காத கல்வெட்டையும் படி எடுத்து வைக்கணும். ஹொட்டூரும் அதுல சேத்தி.

2009 மே மாசம் எனக்குப் பன்னண்டு வயசு. காபி வயசு. வீட்ல டிவியில முள்ளிவாய்க்கால் படம் ஓடும், அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போவார். பாதுகாப்பு வலயம்னு அறிவிச்ச இடத்துலயே குண்டு விழுந்துச்சு. ஐ.நா. பொதுச்செயலர் போட்ட நிபுணர் குழு 2011 அறிக்கையில 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு எழுதினாங்க. அப்ப அதை நியாயப்படுத்தினவங்க சொன்னது என்ன? வேற வழியில்ல. எங்க மக்களோட பாதுகாப்பு. அவங்க ஆரம்பிச்சாங்க. ஆத்து மணல்ல தம்பி சொன்ன அதே மூணு வரி! ஒரு தமிழன் வாயிலேர்ந்து, ஒரு பொம்மைப் படத்துக்காக, அந்த மூணு வரி அப்படியே வருதே. அதுக்குத்தான் டென்ஷன்.

"பொம்மைப் படம்"னு நான் சொன்னதும் சந்தோஷப்படற பெரியவங்களுக்கும் ஒண்ணு. வயசுப் பசங்க கார்ட்டூனுக்கு சண்டை போடறாங்கன்னு சிரிக்காதீங்க சார். வாலியை மறைஞ்சு நின்னு கொன்னது சரியா, கும்பகர்ணன் ஒசத்தியா விபீஷணன் ஒசத்தியான்னு பட்டிமன்றத்துல விடிய விடிய கேட்ட ஜனம் நாம. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்தப்ப எங்க ஆபீஸ்ல பாதி பேர் லீவு. அந்தப் பசங்க பேசறதும் அதே பட்டிமன்றம்தான். நடுவர்தான் இல்ல. பேசறது தப்பு இல்ல, தீர்ப்புதான் தப்பு.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன்.

புறநானூறு 46. கிள்ளிவளவன்னு ஒரு சோழன். தோத்துப்போன மலையமானோட குழந்தைகளைப் பிடிச்சுக் கொண்டு வந்து யானைக் காலால மிதிக்க வைக்கப் போறான். எதிரியோட வாரிசு, வளந்தா பழி வாங்கும். 'வேற வழியில்ல'. கோவூர் கிழார் எழுந்து நிக்கறார். அரசியல் பேசல. முதல்ல, ஒரு புறாவோட துன்பத்தைத் தீத்தவன் வம்சம்டா நீ, இவங்க தமக்குள்ளதைப் புலவர்களோட பகிர்ந்து சாப்பிட்டவங்க வம்சம்னு நினைவு படுத்தறார். அப்புறம் அந்தப் பொடிசுங்களைக் கொஞ்சம் பாருங்கறார். யானையைப் பாத்ததும் அழுகையை மறந்துருச்சுங்க. தங்களை மிதிக்க வந்த யானைன்னு தெரியாம வேடிக்கை பாக்குதுங்க. சுத்தி நிக்கற புது ஆளுங்களைப் பாத்துதான் மிரளுதுங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன், இனி உன் இஷ்டம்னு முடிச்சுடறார். அந்தக் குழந்தைங்க பொழைச்சதா பாட்டோட குறிப்பு சொல்லுது.

ராம்ஸிக்கு ஒரு கோவூர் கிழார் இல்லாம போயிட்டார். அவ்ளோதான் வித்தியாசம்.

எரெனுக்காக அழு தம்பி. நானும் அழுதேன். அவன் அம்மாவுக்காக, மிகாசாவுக்காக அழு. டீ சர்ட்கூட போட்டுக்க. ஆனா அந்தக் கால் எறங்கும்போது மட்டும் விசில் அடிக்காத. கீழ ஒரு பொடிப்பய அதை அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கான்.

நானும் சொல்லிட்டேன். இனி உன் இஷ்டம்.

பி.கு. 1: மாற்றுக் கருத்து உள்ளவங்க தாராளமா எதிர்ப்பதிவு போடலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.

பி.கு. 2: தம்பி இதைப் படிச்சுட்டு போன் பண்ணினான். "அண்ணே, எல்லாம் சரி, ஆனா லீவை தப்பே பண்ணலதானே?" அவ்வ்வ்வ்... அடுத்த நந்தி கல்யாணத்துக்குள்ள அதையும் எழுதிருவேன். நம்ம கல்யாணம் மாதிரி தள்ளிப் போகாம இருந்தா சரி :-)